பத்துக்கு மூணு... ஏழுக்கு ஏழு! பெண்கள் குத்துச்சண்டை சொல்லும் கணக்கு

(இணையவழிக் கூட்டத்தில் தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஐ.டி. விங் கூட்டத்துல பாக்ஸிங் பத்திப் பேச்சா?"ன்னு சிலர் கேட்கலாம். உரிமை எப்படிக் கிடைக்குதுன்னு புரிஞ்சுக்க இது ஒரு நல்ல பாடம். அதனாலதான் இந்தத் தலைப்பு.

பெண்கள் குத்துச்சண்டை நேத்து முளைச்சதுன்னு நினைக்காதீங்க. 1722-லேயே லண்டனில் எலிசபெத் வில்கின்சன் என்ற பெண், பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து இன்னொரு பெண்ணைச் சண்டைக்கு அழைத்தார். கைக்குள்ள காசை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அடிக்கணும். முதல்ல காசைக் கீழே விட்டவங்க தோத்தவங்க. இதுதான் நிபந்தனை.

அப்புறம் சங்கம் வந்தது, விதிமுறை வந்தது. கூடவே தடையும் வந்தது. இங்கிலாந்தின் அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் 1880-ல் தொடங்கியது. பெண்களுக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1996-ல்தான். நூறு வருஷத்துக்கு மேல கதவைச் சாத்தியே வெச்சிருந்தாங்க தோழர்களே!

கதவு தானா திறக்கல. அமெரிக்காவில் 1993-ல் டல்லாஸ் மலாய் என்ற 16 வயதுப் பெண், நீதிமன்றம் போய் ஜெயிச்சு ரிங்கில் ஏறினார். இங்கிலாந்தில் ஜேன் கௌச் 1996-லேயே உலகப் பட்டம் வென்றவர். அவருக்கே சொந்த நாட்டில் தொழில்முறை உரிமம் மறுக்கப்பட்டது. வாரியம் சொன்ன காரணம் என்ன தெரியுமா? மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பெண்கள் உணர்ச்சிவசப்படுவாங்களாம், அதனால ஆபத்தாம்! 1998-ல் தீர்ப்பாயம் அந்த வாதத்தைத் தூக்கிப் போட்டது. அதே வருஷம் ஜேன் உரிமத்தோட ரிங்கில் நின்றார்.

இந்தியாவுக்கு வருவோம். முதல் உலக மகளிர் சாம்பியன்ஷிப் 2001-ல் அமெரிக்காவின் ஸ்க்ராண்டனில் நடந்தது. அதில் மணிப்பூரின் மேரி கோமுக்கு வெள்ளி. 2006-ல் டெல்லியில் நடந்த போட்டியில் நமக்கு நாலு தங்கம்: மேரி கோம், சரிதா தேவி, மிசோரத்தின் ஜென்னி, கேரளத்தின் லேகா. ஆனா அப்போ ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டையே கிடையாது! 2005-ல்தான் ஒலிம்பிக் கமிட்டி "வேண்டாம்"னு சொல்லியிருந்தது. 2009-ல்தான் "சரி" என்றது.

அந்த "சரி"யிலும் ஒரு கஞ்சத்தனம். 2012 லண்டனில் ஆண்களுக்கு 10 எடைப்பிரிவு, பெண்களுக்கு வெறும் 3. அதில் மிகக் குறைந்தது 51 கிலோ. இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற பிறகு 2008-ல் 46 கிலோவிலும் 2010-ல் 48 கிலோவிலும் உலகத் தங்கம் வாங்கிய மேரி கோம், தன்னைவிடப் பெரிய உடம்புக்காரர்களோட மோத வேண்டிய நிலை. அப்படி மோதித்தான் வெண்கலம் கொண்டுவந்தார். அந்த 51 கிலோவில் தங்கம் வென்ற நிக்கோலா ஆடம்ஸ்தான் ஒலிம்பிக் வரலாற்றில் பெண்கள் குத்துச்சண்டையின் முதல் சாம்பியன்.

இன்னொரு கூத்தும் நடந்தது. பெண்கள் ரிங்கில் பாவாடை அணியணும்னு சர்வதேசச் சங்கம் யோசனை சொன்னது. டிவியில் பார்க்கும்போது ஆண், பெண் வித்தியாசம் தெரியணுமாம்! வீராங்கனைகள் எதிர்த்தாங்க. கடைசியில "விருப்பம் இருந்தா போடலாம்"னு பின்வாங்கினாங்க.

இப்போ டேட்டாவைப் பாருங்க, ஒலிம்பிக் எடைப்பிரிவுகள்:

👉 லண்டன் 2012: ஆண்கள் 10, பெண்கள் 3
👉 டோக்கியோ 2020: ஆண்கள் 8, பெண்கள் 5
👉 பாரிஸ் 2024: ஆண்கள் 7, பெண்கள் 6
👉 லாஸ் ஏஞ்சலிஸ் 2028: ஆண்கள் 7, பெண்கள் 7

டோக்கியோவில் புதுசா சேர்த்த 69 கிலோ பிரிவில்தான் அசாமின் லவ்லினா போர்கோஹெய்ன் வெண்கலம் வென்றார். இடம் கொடுத்தாதானே தோழர்களே திறமை வெளியே தெரியும்? "முதல்ல திறமையைக் காட்டுங்க, அப்புறம் இடம் தர்றோம்"னு யாராவது சொன்னா, இந்த நாலு வரியைக் காட்டுங்க.

நாம செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. உங்க ஊர் விளையாட்டு மைதானத்துக்குப் போங்க. பெண் பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி நேரம் இருக்கா, உடை மாற்ற அறை இருக்கா, கழிவறையில் தண்ணீர் வருதா, பெண் பயிற்சியாளர் இருக்காங்களான்னு பாருங்க. இல்லைன்னா மனுவா எழுதிக் கொடுங்க. பதில் வர்ற வரைக்கும் விடாதீங்க.

கேட்டாங்க, கிடைச்சது. நாமும் கேட்போம்!



#பெண்கள்குத்துச்சண்டை #ஏழுக்குஏழு