பாட்டுக்கு உரியவர் யார்? இணையப் பதிப்புரிமையும் தணிக்கையும் தோட்டப்புறத் தமிழும்



சட்டத்தைப் பற்றிப் பேச மொழியியல் படித்தவன் ஏன் வந்தான் என்று நீங்கள் எண்ணலாம். என்னை இந்தப் பொருளுக்கு இழுத்து வந்தது ஒரு தாலாட்டு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1986ஆம் ஆண்டில் முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தோட்டப்புறப் பேச்சுத் தமிழைத் திரட்டிக்கொண்டிருந்தேன். ரந்தாவ் வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில், பால்வெட்டு முடிந்து சோறாக்கி இறக்கிவைத்த பின், லயன் வீட்டு வாசலில் அமர்ந்து ஒரு மூதாட்டி எனக்காகப் பாடினார். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய், தூங்காத பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்லும் துயரம் அந்தத் தாலாட்டின் பொருள். தமிழகத்திலிருந்து கப்பலில் வந்த மெட்டு. இந்த மண்ணில் முளைத்த சொற்கள். அன்று அவரையும் சேர்த்து நான்கு பெண்கள் பாடினார்கள். நான்கு ஒலிநாடாக்கள் நிறைந்தன.

பல ஆண்டுகள் அவை என் அலமாரியில் கிடந்தன. பணி ஓய்வுக்குப் பின், மாணவர் சிலரின் துணையோடு அவற்றை எண்ணிமப்படுத்தி ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினேன். பத்தே நாளில் நான்கும் மறைந்துபோயின. இவை ஓர் இசை நிறுவனத்தின் உரிமைக்கு உட்பட்டவை என்று ஓர் அறிவிப்பு மட்டும் வந்தது. அந்நிறுவனம் பிற்காலத்தில் வெளியிட்ட ஓர் இசைத்தட்டில் அதே நாட்டுப்புற மெட்டு இடம்பெற்றிருந்தது. இயந்திரம் இரண்டையும் ஒப்பிட்டு, முன்னே பாடியவரைப் பின்னே பாடியவரின் திருடராக்கிவிட்டது.

மறைந்த அந்த மூதாட்டியின் பேத்தி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, ஆயா பாடுனதக் காணலியே, நீங்களே எடுத்துட்டீங்களா?” என்று கேட்டார். அந்தக் குடும்பத்தில் அவருடைய குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. ‘நான் எடுக்கவில்லை அம்மா’ என்று சொல்ல முடிந்தது. யார் எடுத்தார் என்று சொல்ல முடியவில்லை. இன்றைய என் உரை அந்தக் கேள்விக்கான விடையைத் தேடும் முயற்சி.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். ‘தணிக்கை’ என்னும் சொல் தமிழில் இரு வேறு வேலைகளைச் செய்கிறது. கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கைச் சரிபார்ப்பதும் தணிக்கை. திரைப்படத்தின் காட்சியை வெட்டுவதும் தணிக்கை. ஆனால் இவ்விரண்டும் ஒன்றல்ல. கணக்குத் தணிக்கையாளர் எதையும் அழிப்பதில்லை. பிழை இன்ன வரியில் உள்ளது என்று சுட்டுகிறார், காரணம் எழுதுகிறார், தம் பெயரைக் கையொப்பமிடுகிறார், சங்கத்தார் மறுமொழி சொல்ல இடம் தருகிறார். படத்தில் வெட்டப்பட்டதையோ பார்வையாளர் பெரும்பாலும் அறிவதே இல்லை. இணையத்தில் ஒன்றை நீக்கும் அதிகாரம் இவ்விரண்டில் எதைப் போல இருக்க வேண்டும்? உலகம் முழுவதும் நடக்கும் வாதத்தின் மையம் இந்தக் கேள்விதான் என்று நான் கருதுகிறேன்.

நம் நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது? 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒரு நூலின் உரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. ஆனால் ஒரு படைப்பு எழுத்திலோ ஒலிப்பதிவிலோ வேறு பருவடிவிலோ பதிவாகியிருந்தால்தான் உரிமை பிறக்கும். வாய்மொழியாகவே வாழ்ந்த தோட்டப்புறப் பாடலுக்கு இது பெரிய இடர். நூறு ஆண்டுகள் பாடிய வாய்களுக்குக் கிடைக்காத உரிமை, பதிவுக் கருவி வைத்திருந்தவருக்குத் தம் பதிவின் அளவில் கிடைத்துவிடுகிறது. எனினும் நாம் ஒன்றை மறக்கலாகாது. பதிவின் உரிமை வேறு, மெட்டின் உரிமை வேறு. பழைய மெட்டைப் பாடிப் பதிந்த நிறுவனத்துக்குத் தன் பதிவின்மீது உரிமை உண்டு. அந்த மெட்டின்மீது இல்லை. அதே மெட்டைத் திண்ணையில் பாடிய மூதாட்டியின் பதிவை நீக்கச் சொல்ல அதற்கு எந்த வழக்கும் இல்லை. பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமையையும் நம் சட்டம் தனியே ஏற்கிறது.

2012ஆம் ஆண்டில் இச்சட்டம் திருத்தப்பட்டபோது இணையத்துக்கென ஒரு நடைமுறை சேர்க்கப்பட்டது. உரிமையாளர் முறைப்படி அறிவித்தால், இணையச் சேவை வழங்குநர் 48 மணி நேரத்துக்குள் அந்த ஆக்கத்தை நீக்க வேண்டும். ஏற்றியவர் எதிர் அறிவிப்புத் தரலாம். உரிமையாளர் நீதிமன்றத்தை நாடாவிட்டால் அது மீண்டும் இடம்பெறும். காகிதத்தில் இது நேர்மையான ஏற்பாடு. ஆயினும் நீக்கம் முதலில் நிகழ்கிறது, விசாரணை பின்னால் வருகிறது. சட்டப் பிரிவு அறிந்தவர், வழக்கறிஞர் உள்ளவர், ஆங்கிலத்தில் மறுமொழி எழுதத் தெரிந்தவர் ஆகியோருக்கே அந்தப் பின்பகுதி பயன்படுகிறது. தோட்டத்துப் பேத்திக்கு அறிவிப்பே போய்ச் சேர்வதில்லை.

இனித் தடைக்கு வருவோம். 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, இச்சட்டத்தின் எதுவும் இணையத் தணிக்கையை அனுமதிப்பதாகக் கொள்ளப்படலாகாது என்று கூறுகிறது. பல்லூடகப் பெருவழித் திட்டத்துக்கு முதலீட்டாளர்களை அழைத்த காலத்தின் வாக்குறுதி அது. ஆனால் 2011ஆம் ஆண்டின் நடுவில், பதிப்புரிமை மீறலைக் காரணம் காட்டிக் கோப்புப் பகிர்வுத் தளங்கள் பத்தினைத் தடுக்குமாறு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் சேவை நிறுவனங்களுக்குப் பணித்தது. அதே சட்டத்தின் 263ஆம் பிரிவே அதற்கு அடிப்படை. அத்தளங்களில் திருட்டுப் படங்கள் இருந்தது உண்மை. உரியவரே மனமுவந்து பகிர்ந்தவையும் இருந்தன. அவையும் சேர்ந்தே மறைந்தன.

திருட்டைத் தடுக்கத் திறந்த கதவு திருட்டுக்கு மட்டும் பயன்படும் என்று யாரும் உறுதி தர இயலாது. 2015 ஜூலையில் சரவாக் ரிப்போர்ட் என்னும் செய்தித் தளம் தடுக்கப்பட்டது. அதன் கட்டுரையை வெளியிட்டதற்காக 2016 ஜனவரியில் மீடியம் என்னும் தளம் முழுவதுமே தடுக்கப்பட்டது. ஆட்சி மாறிய பின், 2018 மே மாதத்தில்தான் இரண்டும் திறந்தன. காரணம் பதிப்புரிமையிலிருந்து அரசியலுக்கு மாறியது. ஒன்றுக்காக அனைத்தையும் மூடும் முறை மாறவில்லை.

இதற்கு மாறாக ஒரு நல்ல முன்மாதிரி தமிழ்நாட்டில் உண்டு. 2012ஆம் ஆண்டில் ‘3’ என்னும் தமிழ்ப் படத்தின் திருட்டுப் படிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆணை பெறப்பட்டது. சேவை நிறுவனங்கள் அதைக் கொண்டு விமியோ உள்ளிட்ட தளங்களை முழுமையாக மூடின. அந்தப் படத்தோடு தொடர்பே இல்லாத குறும்படக் கலைஞர்களின் ஆக்கங்களும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. ஜூன் 22 அன்று நீதிமன்றம் தன் ஆணையைத் தெளிவுபடுத்தியது. திருட்டுப் படம் உள்ள குறிப்பிட்ட முகவரியை மட்டுமே தடுக்கலாம், தளம் முழுவதையும் தடுக்கலாகாது என்றது. பிழை எந்த வரியில் உள்ளதோ அந்த வரியை மட்டும் சுட்டும் கணக்குத் தணிக்கையின் நெறி இதுவே.

இவ்வளவு சொல்வதால் பதிப்புரிமையே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். மலேசியத் தமிழ் எழுத்தாளர்களில் பலர் தம் கைப்பணத்தில் நூல் அச்சிடுகிறார்கள். சில நூறு படிகளை விற்க ஊர் ஊராகச் செல்கிறார்கள். அந்த நூலை வருடி, கோப்பாக்கி, புலனக் குழுவில் அனுப்பிவிட்டுத் ‘தமிழ் வளரட்டும்’ என்று எழுதுகிறோம். அனுப்புகிறவர்களில் ஆசிரியர்களும் உண்டு. நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். எழுதியவர் உணவுக்கு வழி தேடும்போது, அவர் நூலை இலவசமாகப் பரப்புவது மொழித் தொண்டாகாது. உரிமையாளர் இசைந்து வழங்குவதே முறையான வழி. பாரதியார் பாடல்களின் ஒலிபரப்பு, ஒலிப்பதிவு உரிமை ஒரு காலத்தில் ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. 1949இல் அவர் விலை பெறாமல் விட்டுக்கொடுக்க, சென்னை அரசு பாரதியின் படைப்புரிமையைப் பெற்றது. பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் உழைப்பால் இணையத்தில் ஏற்றியது. யாரிடமிருந்தும் பறிக்காமலேயே பொதுச்சொத்தைப் பெருக்க முடியும் என்பதற்கு இவை சான்று.

இப்போது என் ஒலிநாடாக்களுக்குத் திரும்புகிறேன். நான் மறுமொழி எழுதினேன். பாடியவர் யார், எங்கே, எப்போது பதியப்பட்டது, அவர் இசைவு உண்டா என்று கேட்டார்கள். ஒரு நாடாவின் உறையில் அந்த மூதாட்டியின் பெயர், தோட்டத்தின் பெயர், நாள் ஆகியவை இருந்தன. அதுவும் நான் எழுதியதன்று. ‘என் பேரையும் எழுதிக்க தம்பி’ என்று அவரே கேட்டு எழுதச் செய்தது. அந்தப் பதிவு சில வாரங்களில் மீண்டது. பேத்தி மகிழ்ந்தார்.

மற்ற மூன்றும் மீளவில்லை. அவற்றின் உறையில், ‘தகவலாளி 2, பெண், அகவை ஏறத்தாழ 60’ என்ற வகையில் எழுதியிருந்தேன். உயிரின் நீட்டத்தையும் மெய்யின் மயக்கத்தையும் நுணுக்கமாகக் குறித்திருந்தேன். ‘பரேட்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘பெரட்டு’ ஆன வழியை அடிக்குறிப்பில் விளக்கியிருந்தேன். பாடியவரின் பெயரைக் கேட்கவில்லை. அவர்களை மொழித் தரவாகப் பார்த்தேனேயன்றி, படைப்பாளியாகப் பார்க்கவில்லை. படைத்தவரின் பெயர் படைப்போடு நிற்க வேண்டும் என்பதை நம் சட்டம் அறவுரிமையாக ஏற்கிறது. இசை நிறுவனத்தின் இயந்திரம் அப்பெண்களின் குரலைப் பறிப்பதற்கு ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்கு முன்பே, நான் அவர்களின் பெயரை நீக்கிவிட்டிருந்தேன். அதற்கும் தணிக்கை என்றே பெயர்.

அந்த மூவரைத் தேடிப் போனேன். தோட்டத்தில் இரப்பர் போய்ச் செம்பனை வந்திருந்தது. லயன் வீடுகள் இருந்த இடத்தில் புதர் மண்டியிருந்தது. குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் போர்ட்டிக்சனுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. அப்பெயர்களை அறிந்தவர் ஒருவரையும் இன்றுவரை என்னால் காண முடியவில்லை.

ஆசிரியர்களே, உங்களிடம் மூன்று வேண்டுகோள் உண்டு. முதலாவது, உங்கள் மாணவர்களைத் தத்தம் வீட்டு முதியவர்களிடம் அனுப்புங்கள். பதியும்போது பாடியவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்தில் அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். எங்கே வெளியிடலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். இரண்டாவது, ஒரே தளத்தை நம்பாதீர்கள்; பள்ளி நூலகத்தில் ஒரு படி, குடும்பத்திடம் ஒரு படி கட்டாயம் இருக்கட்டும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் பதிப்புரிமையைத் தன்விருப்பமாகப் பதிந்துகொள்ளவும் வழியுண்டு. மூன்றாவது, ஏதேனும் ஒன்று நீக்கப்பட்டால் அமைதியாகிவிடாதீர்கள். எது, ஏன், யாருடைய கோரிக்கையால் என்று எழுதிக் கேளுங்கள். காரணமும் கையொப்பமும் மறுமொழிக்கு இடமும் இல்லாத நீக்கத்தை ஏற்கலாகாது என்பதை மாணவர் இளமையிலேயே அறியட்டும். பிறர் நூலைக் கேளாமல் எடுப்பது தவறு என்பதையும் அதே பாடத்தில் கற்பியுங்கள். அவை ஒரே அறத்தின் இரு கூறுகள்.

பாட்டுக்கு உரியவர் யார் என்ற கேள்விக்கு நீதிமன்றம் ஒரு விடை தரலாம். இயந்திரம் வேறொரு விடை தரலாம். பாடியவரின் பெயர் நம்மிடம் இருந்தால் அவ்விரண்டையும் நாம் எதிர்கொள்ள முடியும். இன்று மாலை வீடு திரும்பியதும், பாடத் தெரிந்த ஒரு முதியவரிடம் முதலில் அவர் பெயரைக் கேளுங்கள். பாட்டைப் பிறகு கேட்கலாம்.