சேவை வேறு, சேவகம் வேறு

(வெள்ளி விழா மேடையில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவிலே கடை நடத்துவதைப் பற்றித் தலைமையாசிரியர் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பேசத்தான் வேண்டும். படிப்பு என்றால் அரசுப் பணி ஒன்றே என்று நாம் நெடுநாள் எண்ணியிருந்தோம். இன்றோ, நம் வகுப்பறைகளில் அமர்ந்து சென்றவர்களுள் பலர் தையற்கடை, சிற்றுண்டிக் கடை, கைப்பேசி பழுதுபார்க்கும் கடை எனச் சிறுதொழில் நடத்துகின்றனர். அவர்களுக்கு இரண்டு செய்திகளைக் கூற விழைகிறோம். ஒன்று, வாடிக்கையாளரைப் பேணுதல். மற்றொன்று, தம்மைத் தாமே பேணிக்கொள்ளுதல்.

முதலில் ஓர் உண்மையை நினைவூட்டுவோம். அண்ணல் அம்பேத்கர் 1917ஆம் ஆண்டில் வெளிநாட்டுப் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்பினார். பின்னர்ப் பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை கூறும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் இன்ன சாதியினர் என்று தெரிந்ததும் வந்தவர்கள் நின்றுவிட்டனர். தொழிலை மூட நேர்ந்தது. அவருடைய அறிவில் குறையில்லை, உழைப்பில் குறையில்லை. வந்தவர்களின் மனத்தில்தான் குறை இருந்தது. ஆகவே, நாம் இனிமையாகப் பேசினால் சாதி மறைந்துவிடும் என்ற பொய்யான ஆறுதலை இங்கே கூற மாட்டோம்.

ஆயினும் அன்றில்லாத ஒரு காப்பு இன்று உண்டு. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டு, 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. நம் மக்கள்மீது சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ விதிப்பதும், விதிப்போம் என மிரட்டுவதும் அதன்படி தண்டனைக்குரிய குற்றங்கள். 'அந்தக் கடையில் எவரும் வாங்கக்கூடாது' என்று ஊர்க் கட்டுப்பாடு விதிப்பது வெறும் ஊர்ப்பேச்சன்று, குற்றம். இதனைக் கடை வைத்திருப்போர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, நம் உரையின் மையக் கருத்துக்கு வருவோம். நம் பாட்டனார் செய்தது சேவகம். பறையடித்தார், பிணம் சுட்டார், செருப்புத் தைத்தார், செத்த மாட்டை அப்புறப்படுத்தினார். அழைத்த நேரத்தில் ஓடினார். கூலியை அவர் சொல்ல முடியாது. களத்திலே அள்ளிப் போட்டதே கூலி. ஓய்வு நாள் என்பதும் கிடையாது. கடை என்பது இதற்கு நேர்மாறானது. அங்கே பொருளுக்கு விலை உண்டு, திறப்பதற்கும் மூடுவதற்கும் நேரம் உண்டு, இயலாததை இயலாது என்று கூறும் உரிமை உண்டு. இம்மூன்றையும் காப்பவர் செய்வது சேவை. இம்மூன்றையும் இழந்தவர், பெயர்ப்பலகை மாட்டியிருந்தாலும் பழைய சேவகத்தையே செய்கிறார்.

வாடிக்கையாளரைப் பேணும் முறைகளைப் பார்ப்போம். விலைப்பட்டியலை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். தராசையும் எடைக்கற்களையும் உரிய காலத்தில் தொழிலாளர் துறையினரிடம் கொண்டுசென்று முத்திரையிட்டுக் கொள்ளுங்கள்; 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அதனை வேண்டுகிறது. பத்து ரூபாயுடன் வரும் சிறுமிக்கும் பெரியவர்க்கும் ஒரே எடை, ஒரே முகம் இருக்கட்டும். வெள்ளிக்கிழமை தைத்துத் தருவதாகச் சொன்னால் வெள்ளிக்கிழமை தாருங்கள். முடியாதெனத் தோன்றினால் புதன்கிழமையே சொல்லிவிடுங்கள். குறை கூற வருபவரை இடைமறிக்காதீர்கள். முழுவதும் கேளுங்கள். தவறு நம்முடையதாயின் பொருளை மாற்றிக் கொடுங்கள்.

மற்றொன்றையும் அழுத்தமாகக் கூறுவோம். தேநீர்க் கடைகளில் தனிக் குவளையால் இழிவுபட்டவர்கள் நாம். நம் கடையில் எந்த வேற்றுமையும் தலைகாட்டக்கூடாது. துப்புரவுப் பணியாளர் பணி உடையோடு வந்தால் அவருக்கும் அதே இருக்கை, அதே குவளை. நமக்குள்ளேயே உயர்வு தாழ்வு பார்ப்போமானால், பிறரைக் குறைகூறும் தகுதி நமக்கு ஏது?

எவரேனும் இழிவாகப் பேசினால் என்ன செய்வது? குரலை உயர்த்த வேண்டா. தலையையும் குனிய வேண்டா. "ஐயா, பொருளில் குறை இருந்தால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். மரியாதையாகப் பேசுங்கள்" என்று ஒருமுறை கூறுங்கள். அதற்கும் மேற்பட்டால், நாளையும் நேரத்தையும் பேசிய சொற்களையும் உடனிருந்தோர் பெயர்களையும் எழுதி வைத்துக்கொண்டு சங்கத்தாரையும் காவல் நிலையத்தையும் நாடுங்கள்.

கடன் கொடுப்பதில் கண்டிப்புத் தேவை. 'மாமா', 'அண்ணே' என்று உறவு சொல்லி வாங்கும் கடனாலேயே பல கடைகள் மூடப்படுகின்றன. ஒருவருக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வகுத்து, அவர் கண்முன்னே குறிப்பேட்டில் எழுதுங்கள். வரம்பு முடிந்ததும், "பழைய கணக்கை முடித்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணே" என்று முகமலர்ச்சியோடு கூறப் பழகுங்கள். கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனி வங்கிக் கணக்கில் வையுங்கள். மாதந்தோறும் உங்களுக்கென ஒரு சம்பளத்தைக் கடையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். தன் உழைப்புக்குத் தானே கூலி போடாதவர், பழைய களத்து மேட்டிலேயே நிற்கிறார். 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ வழியாகவும், 2023இல் தமிழக அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தின் வழியாகவும் கடனுதவி பெறுவோர், அப்பணத்தைத் திருமணத்திற்கும் காதணி விழாவிற்கும் திருப்பிவிடாதிருக்க வேண்டுகிறோம்.

இறுதியாக, உடல்நலம். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்புப் பற்றவைத்து, இரவு பதினொரு மணிக்குக் கடை மூடி, எட்டு மணி நேரம் நின்றபடியே உழைப்பதை வீரம் என்று நம்மவர் கருதுகின்றனர். அது வீரமன்று. கடைப் பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் என 2021இல் தமிழகச் சட்டம் திருத்தப்பட்டது. உரிமையாளர் தமக்கும் ஒரு நாற்காலி போட்டுக்கொள்ளட்டும். வேளைக்கு உண்ணுங்கள். வாரத்தில் ஒரு நாளேனும், அரை நாளேனும் கடையை மூடுங்கள். அதனை முன்கூட்டியே பலகையில் எழுதி வைத்தால் வாடிக்கையாளர் மறுநாள் வருவார். முப்பது வயதைக் கடந்தோர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள், கட்டணம் இல்லை. அண்ணல் அவர்களே நீரிழிவால் பல்லாண்டு துன்புற்று, 1956இல் தம் 65ஆம் வயதில் மறைந்தார். இன்னும் பத்தாண்டு அவர் இருந்திருந்தால் நமக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

மனச்சோர்வைப் போக்க மதுக்கடையை நாடுவோர், அன்றைய வருமானத்தையும் மறுநாள் உழைப்பையும் சேர்த்தே அங்கு வைத்துவிட்டு வருகின்றனர். கவலையை மனைவியிடம் சொல்லுங்கள், நண்பரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணிலும் பேசலாம். கடை நடத்தும் நம் சகோதரிகளுக்கோ கடை வேலையும் வீட்டு வேலையும் சேர்ந்து இரட்டைச் சுமை. அவர்கள் வீட்டு ஆண்கள் உலை வைக்கவும் பாத்திரம் துலக்கவும் முன்வருவார்களாக. சேவகத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு வெளியே விடுதலை பேசுதல் முறையன்று.

நிறைவாகச் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு திங்களும் முதல் ஞாயிறு மாலையில் தொழில் செய்வோர் யாவரும் நம் சங்கக் கட்டடத்தில் கூடட்டும். வராக் கடன், ஏறிய விலை, கேட்ட இழிசொல், உடல் உபாதை எதுவாயினும் ஒருவரோடொருவர் பேசட்டும். கணக்கு எழுதத் தெரியாதவர்க்குப் பள்ளியிறுதி மாணவர்கள் கற்றுக் கொடுக்கட்டும். ஆசிரியர்களாகிய நாமும் வந்து அமர்வோம். இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த இச்சங்கம், இனி அவர்தம் தொழிலுக்கும் துணைநிற்குமாக.