ஏலத் தோட்டமும் தேடுசொல்லும்

இடுக்கி மலைகளில் விளையும் ஏலக்காய், புற்றடியிலும் தமிழகத்தின் போடிநாயக்கனூரிலும் உள்ள நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களில் விலைபோகிறது. இம்மலை விவசாயிகளின் செய்திகளைச் சமூக ஊடகங்களில் தொடர விரும்பும் அலுவலர், தேடுசொல்லை ஆய்ந்து தெரிதல் வேண்டும். தமிழில் 'ஏலம்' என்பது செடியையும் குறிக்கும். விற்பனை முறையையும் குறிக்கும். மலையாளத்திலோ விற்பனை முறை 'லேலம்' எனப்படும். ஆகவே 'ஏலக்காய்' என்பதோடு 'வண்டன்மேடு' போன்ற ஊர்ப்பெயரையும் சேர்த்துத் தேடுவது நலம்.

நாள்வரம்பு இடுவதும் இன்றியமையாதது. 2019 ஆகஸ்டில் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயை எட்டியது. அச்செய்தி நாள் குறிப்பின்றி மீண்டும் உலவுமாயின், அதனை இன்றைய விலையென நம்பிச் சரக்கை இருத்திவைக்கும் சிறு விவசாயி கடனில் ஆழக்கூடும். எனவே விலையை வாரியத்தின் அன்றாடப் பட்டியலோடும், மருந்துப் பரிந்துரையைப் பாம்பாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்திலும் சரிபார்த்த பின்னரே பிறர்க்கு உரைப்போமாக.