பாலத்தை அடியிலிருந்து பாருங்கள்



போன ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். சென்னையிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒரு தம்பி, ஹீலிக்ஸ் பாலத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டார். சொன்னேன். ஹெண்டர்சன் வேவ்ஸ் என்ற இன்னொரு பாலத்துக்கும் வழி கேட்டார். அதையும் சொன்னேன். "படம் எடுக்க எத்தனை மணிக்குப் போனால் நல்லது, ஐயா?" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டு, "வாங்க தம்பி" என்று அவரைச் சிங்கப்பூர் ஆற்றுக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

புதுப் பாலங்கள்மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை. 2010-இல் திறந்த ஹீலிக்ஸ் நல்ல வேலைப்பாடு. ஆனால் பாலத்தின் மேல் நின்று, பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகிற வழக்கம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பாலத்தை அடியிலிருந்து பாருங்கள். எது எதைத் தாங்குகிறது என்று பாருங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

நான் கப்பல் பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் இரும்பு வேலை பார்த்தவன். என் அப்பா செம்பவாங்கில் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் இரும்பு ஆணி) அடித்தவர். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வெல்டிங் வந்துவிட்டது. ரிவெட் அடிக்கிற கை அப்பாவோடு போயிற்று. எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்பா என்னை முதன்முதலாகக் கூட்டிப்போய்க் காட்டிய இடம், கெவெனா பாலம். புல்லர்ட்டன் ஹோட்டலுக்குப் பக்கத்தில், ஆற்றின் வாயருகே இருக்கிறதே, அந்த வெள்ளைப் பாலம்தான். தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறார்கள். அண்ணாந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

இது 1869-இல் கட்டிய பாலம். இந்தியாவிலிருந்து ஆளப்பட்ட காலத்தில் சிங்கப்பூர் உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்குக் கடைசி ஆளுநராக இருந்த ஓர்பியர் கெவெனாவின் பெயர் இதற்கு. இரும்பு கிளாஸ்கோவில் செய்தது. அங்கேயே கோத்து, பாரம் ஏற்றிச் சோதித்துப் பார்த்து, பிறகு கழற்றிக் கப்பலில் அனுப்பினார்கள். இங்கே அதைத் திரும்பப் பூட்டியவர்கள் யார் என்றால், இந்தியக் கைதிகள். தண்டனை பெற்றுக் கடல் கடந்து கொண்டுவரப்பட்டவர்கள். அவர்கள் கை வைத்த பெரிய வேலைகளில் இது கடைசி. 1873-இல் அந்தக் கைதி முறையே முடிந்துபோயிற்று. அவர்கள் பெயர் எதுவும் பாலத்தில் இல்லை. அவர்கள் பூட்டிய இரும்பு இருக்கிறது.

கெவெனா ஒரு வகைத் தொங்கு பாலம். தொங்கு பாலம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஊஞ்சல் மாதிரி. ஊஞ்சல் ஆடும். வண்டி போனால் ஆடும், கூட்டம் சேர்ந்து நடந்தால் ஆடும். ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற பொறியாளர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். கோபுரத் தலையிலிருந்து நேரான இரும்புப் பட்டைகளைச் சாய்வாக இறக்கி, நடைதளத்தைப் பிடித்து நிறுத்தினார். பந்தல்காலுக்கு இழுத்துக் கட்டுகிற கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீளமான பட்டை தன் பாரத்தாலேயே தொய்யும். தொய்ந்தால் பிடிப்புப் போய்விடும். அதனால் மேலே வளைவாக ஒரு சங்கிலியைப் போட்டு, அந்தப் பட்டைகளைத் தொய்யாமல் தூக்கிப் பிடிக்கச் செய்தார். கவனியுங்கள்: நடைதளத்தைத் தாங்குவது சாய்ந்த பட்டை. பட்டையைத் தாங்குவது வளைந்த சங்கிலி. கெவெனாவும் இப்படித்தான்; ஆற்றின் நடுவே ஒரு தூண்கூடக் கிடையாது.

இதே முறையில் பிராக் நகரில் ஒன்று கட்டினார்கள். அது இன்றைக்கு இல்லை. லண்டனில் ஆல்பர்ட் பாலம் இருக்கிறது. 1973-இல் அதன் நடுவே காங்கிரீட் தூண் கொடுக்க வேண்டியதாயிற்று. நம்முடையது தூணே இல்லாமல் நிற்கிறது. லண்டன் போகிறவர்கள் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தின் கூரையையும் பாருங்கள். அதிலும் ஆர்டிஷின் கை உண்டு.

அப்பா எனக்குக் காட்டியது இதெல்லாம் இல்லை. இணைப்பில் இருக்கும் ரிவெட்டின் மேல் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். உலையில் பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டைக் குறட்டால் எடுத்து ஒருவர் வீசுவார். இன்னொருவர் தகர டப்பாவில் பிடிப்பார். துளையில் நுழைத்ததும் ஒருவர் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்க, மற்றவர் சம்மட்டியால் அடித்துத் தலை பரப்புவார். ஆறும்போது ரிவெட் சுருங்கும். சுருங்கும்போது இரண்டு தகட்டையும் இழுத்து இறுக்கும். அடித்தது பாதி, ஆறியது பாதி. அப்பா சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கிண்ணென்று கேட்டால் நல்ல ரிவெட். மொத்தென்று கேட்டால் வெட்டியெடுத்து வேறு போட வேண்டும். "இது நல்ல கைடா" என்றார், அந்தப் பாலத்தைப் பார்த்து. அப்பா யாரையும் எளிதில் பாராட்ட மாட்டார்.

பாலம் தாழ்வு. கடல் பொங்கும் நேரத்தில் அந்தக் காலச் சரக்குப் படகுகள் அடியில் போக முடியவில்லை. தண்ணீர் வடியும்வரை காத்துக் கிடந்தன. வண்டிப் போக்குவரத்தும் பெருகியது. அதற்காகத்தான் 1910-இல் பக்கத்தில் ஆண்டர்சன் பாலம் வந்தது. நல்ல வேளை, பழையதை இடிக்கவில்லை, நடப்பவர்களுக்கு விட்டுவிட்டார்கள். 3 ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 150 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியும், மாடும், குதிரையும் போகக்கூடாது என்ற அறிவிப்புப் பலகை இன்றும் இருக்கிறது. 2019-இல் கெவெனா, ஆண்டர்சன், எல்ஜின் மூன்றையும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள்.

ரயில் பிரியர்களுக்கும் இதையேதான் சொல்வேன். புக்கித் தீமாவில் 1932-ஆம் ஆண்டின் இரும்புச் சட்டப் பாலங்கள் இரண்டு இருக்கின்றன. மேலே ஏறிப் படம் எடுப்பதற்கு முன் கீழே சாலையில் நின்று முக்கோணங்களை எண்ணுங்கள். 2011 ஜூன் 30, தஞ்சோங் பகாரிலிருந்து அவற்றின் மேல் ரயில் ஓடிய கடைசி நாள். அன்று நான் அவற்றில் ஒன்றின் அடியில் நின்றேன். ரயில் கடந்தபோது இரும்பு முனகியது இன்னும் காதில் இருக்கிறது. அந்தத் தடத்தில் உழைத்த நம்மவர்கள் வைத்துக் கும்பிட்டதுதான் குவீன்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயில். போகிற வழியில் கும்பிட்டுவிட்டுப் போங்கள்.

போன மாதம் ஒரு நேயர், ஈரானின் இஸ்பஹான் நகரப் பாலங்களைப் பற்றிக் கேட்டிருந்தார். 33 வளைவுகள் கொண்ட சியோசே போல் பாலத்தைத்தான் எல்லாரும் சொல்வார்கள். நான் காஜு பாலத்தைச் சொல்வேன். பதினேழாம் நூற்றாண்டில், இரண்டாம் ஷா அப்பாஸ் காலத்தில் கட்டியது. பாரசீகர்கள் பாலத்தின் அடியையே மக்கள் கூடும் இடமாக ஆக்கிவிட்டார்கள். தண்ணீரோரம் படிகள், அதில் உட்காரலாம். வளைவுக்குக் கீழே நின்று பாடுவார்கள்; செங்கல் அந்தக் குரலை வாங்கித் திருப்பித் தரும். அதைவிடப் பாலத்துக்கு வேறு மரியாதை உண்டா? அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் டன்லப் சாலை அப்துல் கபூர் பள்ளிவாசலுக்குப் போங்கள். தேக்காவிலும் வளைவுகள் நிற்பதைப் பார்க்கலாம். வாசலுக்கு மேலே கதிரவன் வடிவம். 25 கதிர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர். அங்கேயும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும்.

அந்தச் சென்னைத் தம்பியைப் படகில் ஏற்றினேன். கெவெனாவுக்கு அடியில் போகும்போது கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டார். பாலத்தின் அடிவயிறு தலைக்கு மேலே நகர்ந்தது. இறங்கியபின் தானாகவே திரும்ப நடந்துபோய், கோபுரத்தருகே இருந்த ரிவெட்டின் மேல் கையை வைத்தார். வெயிலில் சுட்டிருக்க வேண்டும். எடுக்கவில்லை.