ஏழைக்குத் தன் நன்மை தெரியாதா?



"ஏழைக்குத் தன் நன்மை தெரியாது, காசுக்கு ஓட்டை விற்கிறான்" என்று கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் பேசுகிறார்கள். உண்மை என்ன?

கல்வராயன் மலையில் ஜாகீர்தார் ஆதிக்கம் 1976இல்தான் ஒழிந்தது. உழுகிற காட்டு நிலத்துக்கு உரிமை தரும் சட்டம் 2006இல்தான் வந்தது. பட்டா இல்லாதவன் அதிகாரிக்கு அஞ்சுகிறான். முன்பணம் வாங்கியவன் மேஸ்திரிக்கு அஞ்சுகிறான். ஓட்டு அவன் கையில். நாளைய கஞ்சியோ பிறர் கையில். அவன் அறியாதவனல்ல, தனியாக நிற்பவன்.

அந்தச் சட்டப்படி நில உரிமை மனுவை முதலில் விசாரிப்பது கிராம சபை. அங்கே ஊரே கூடி நின்று பேசலாம். சங்கம் கட்டிய சர்க்கரை ஆலைத் தொழிலாளருக்கு இதன் பலம் தெரியும்.

தேர்தலுக்கு மட்டும் மலையேறினால் போதாது. பட்டாவுக்கும் கூலிக்கும் நாம் இன்றே அவர்களோடு நிற்போம். அச்சம் நீங்கிய கை, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று யாரையும் கேட்காது!