டப்பாவில் இருக்கும் நிறம்



சிவகாசியில் தங்க மை போட்டு அச்சடித்த சாமி படக் காலண்டர் ஒன்று வீட்டில் இருந்தால், அதை வெளிச்சத்தில் சற்றே சாய்த்துப் பாருங்கள். அம்மனின் கிரீடமும் ஒட்டியாணமும் மட்டும் மின்னும். முகத்திலும் சேலையிலும் அந்த மினுக்கம் இராது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், முகம் முழுக்கச் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகளின் பொடிப் புள்ளிகள். கிரீடத்தில் படிந்திருப்பதோ உலோகத் தூள் கலந்த தனி மை. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த தூள் அது. அந்த நான்கு மைகளை எந்த அளவில் சேர்த்தாலும் பழுப்பேறிய மஞ்சள்தான் கிடைக்கும், பொன் கிடைக்காது. இப்படித் தனி டப்பாவிலிருந்து எடுத்து, தனி பிளேட்டில் ஏற்றும் மைக்குத்தான் ஸ்பாட் கலர் என்று பெயர்.

பளிச்சென்ற ஆரஞ்சு, நிறுவனச் சின்னங்களின் நிறம் எல்லாம் இந்த வழியில் அச்சாவதுண்டு. எந்த ஊரில் அடித்தாலும் நிறம் ஒன்றாக வர வேண்டுமே! அதற்காகத்தான் 1963இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ஹெர்பர்ட், பான்டோன் என்ற எண் முறையைக் கொண்டுவந்தார். எண்ணைச் சொன்னால் போதும், மை குழைப்பவர் அதற்குரிய கலவையைத் தயாரித்துவிடுவார்.

கணினியில் படம் தயாரிக்கிறவர்கள் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஃபோட்டோஷாப்பில் நீங்கள் சேர்க்கும் ஸ்பாட் சேனல், உண்மையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். கறுப்பாக இருக்கும் இடத்தில் மை முழுதாக விழும், சாம்பல் இடத்தில் குறைவாக விழும், அவ்வளவுதான். திரையில் தெரியும் பொன்னிறம் நமக்காகக் காட்டும் அடையாளம். ‘சாலிடிட்டி’ அளவை ஏற்றி இறக்கினாலும் திரைதான் மாறும். தாளில் ஒன்றும் மாறாது. 2022இல் அடோபி மென்பொருள்களிலிருந்து பான்டோன் பட்டியல்களில் பெரும்பாலானவை நீக்கப்பட்டபோது, பலருடைய பழைய கோப்புகளில் அந்த நிறங்கள் கறுப்பாகத் திறந்தன. அச்சிட்ட வண்ணப் புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் மட்டும், எந்த எண் எந்த நிறம் என்று திரையைக் கேட்க வேண்டியிருக்கவில்லை. விலை கூடினாலும் அந்தப் புத்தகத்தை வாங்கி வையுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்தது, அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி. ஃபோட்டோஷாப்பில் ஸ்பாட் மை, படத்தின் மேலேயே விழும். அடியிலுள்ள நான்கு நிறமும் அப்படியே இருக்கும். தங்கத்துக்கு இது நல்லதாகவும் அமையலாம். அடியில் லேசான நிழல் விட்டுவைத்தால், நகையின் மேடு பள்ளம் அழகாகத் தெரியும். ஆனால் ஆஃப்செட் மைகளில் பெரும்பாலானவை ஒளி ஊடுருவுபவை. மஞ்சள் மேல் நீலம் விழுந்தால் பச்சைதான். அங்கே அடிநிறத்தை அழித்து வெள்ளையாக்கியே தீர வேண்டும். அதையும் விளிம்போடு விளிம்பாக அழிக்கக் கூடாது, மயிரிழை அளவு உள்ளே விட வேண்டும். ஈரம் பட்ட தாள் இயந்திரத்தில் இம்மி விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்துவிடும்.

பெயரிலும் கவனம் வேண்டும். வழவழப்பான தாளுக்கு ‘சி’, சாதாரணத் தாளுக்கு ‘யு’ என்று எண்ணோடு ஓர் எழுத்து வரும். படத்தில் ‘185 சி’, எழுத்து வடிவமைப்பில் ‘185 யு’ என்று இருந்தால், ஒரே சிவப்புக்கு இரண்டு பிளேட் வெளிவரும். கோப்பை அச்சகத்துக்கு அனுப்புமுன், பிரித்துக் காட்டும் முன்னோட்டத்தைத் திறந்து ஒவ்வொரு பிளேட்டாகப் பாருங்கள். நான்கு நிறமும் தங்கமும் போட்ட வேலை என்றால் அங்கே ஐந்து பெயர்தான் இருக்க வேண்டும். ஆறாவதாக ஒன்று தெரிந்தால், பிளேட் போடுமுன் அதைத் தேடித் திருத்திவிடுங்கள்.