இரும்புத் திருகை

பிழைப்பின் பொருட்டு டில்லிக்கோ கொல்கத்தாவுக்கோ குடியேறும் நாம், தட்டுமுட்டுச் சாமான்களோடு காப்பி வடிகட்டியையும் மறவாமல் எடுத்துச் செல்கிறோம். அதில் இடவேண்டிய பொடியை மட்டும் ஊரிலிருந்து வருவோரிடம் சொல்லியனுப்புகிறோம். அது பாதி தீருமுன்னரே மணம் போய்விடுகிறது.

வறுத்த கொட்டை தன் மணத்தை உள்ளே அடக்கி வைத்திருக்கிறது. அரைத்தபின் காற்றுப்படும் பரப்பு பன்மடங்கு பெருகுவதால், மணம் விரைந்து அகன்றுவிடுகிறது. ஆகவே, கொட்டையாக வாங்கி அன்றன்றைக்கு அரைப்பதே முறை.

இதையறிந்து மிக்ஸியில் அரைத்துப் பார்த்தோம். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த எங்கள் அத்தை அந்தக் காப்பியை ஒரு வாய் பருகினார், குறையொன்றும் சொல்லவில்லை. மறுநாள், "எனக்குத் தேநீரே போதும்" என்றார். அதைவிடக் கடுமையான தீர்ப்பு வேறுண்டோ?

பிழை கொட்டையில் இல்லை. மிக்ஸியின் கத்தி கொட்டையை வெட்டிச் சிதறடிக்கிறது. ஒரு பகுதி மாவாகவும், ஒரு பகுதி குறுணையாகவும் நின்றுவிடுகிறது. மாவு வடிகட்டியின் கண்களை அடைப்பதோடு கசப்பையும் மிகுதியாக இறக்குகிறது. குறுணையிலோ சாரம் முழுதும் இறங்குவதில்லை.

நம் பாட்டிமார் உளுந்து உடைத்த திருகையை நினைத்துப் பாருங்கள். இரு கற்களின் இடைவெளிக்குள் அடங்கும் அளவு உடைந்தாலன்றி எதுவும் வெளிவராது. மேசை விளிம்பில் பொருத்திக் கையால் சுற்றும் பழைய காப்பி இயந்திரமும் இரும்பில் அமைந்த திருகையே. பல் வெட்டிய இரு பகுதிகளுள் ஒன்று அசையாது நிற்க, மற்றொன்று சுழல்கிறது. இடைவெளியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகாணி உண்டு. பொடி ஏறக்குறைய ஒரே சீராக விழுகிறது.

டிக்காக்ஷன் விரைந்து ஓடிவிட்டால் திருகாணியை இறுக்குக. இறங்காமல் நின்றால் தளர்த்துக. துளித்துளியாக இறங்குவதே பதம். சிக்கரி சேர்ப்போர் அதன் தூளை அரைத்தபின் கலந்துகொள்ளலாம்.

அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது பரணைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் துருவைத் துடைத்து, முதல் பிடிக் கொட்டையை அரைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். எங்களுக்கும் அவ்வாறே ஒன்று கிடைத்தது. மறு ஆண்டு வந்த அத்தை, அது சுழலும் ஓசை கேட்டு, அடுக்களை வாயிலில் வந்து அமர்ந்துகொண்டார். தேநீர் கேட்கவில்லை.